உடனே வந்த பதில்

போன ஆடி மாதம், சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் நடந்தது இது.

ஒரு மருத்துவமனையின் ஜாவா மென்பொருள் ஒழுங்காக ஓடுகிறதா என்று கண்காணிப்பது என் வேலை. மக்கள் ஆப்பில் ஒரு பட்டனை அழுத்தினால் அது ஒரு கோரிக்கையாக எங்களிடம் வரும். சட்டென்று முடிந்தவை, மெதுவாக முடிந்தவை, நடுவழியில் நின்றுபோனவை, தோற்றவை என்று அவற்றை வகை பிரிப்போம். முதல் வகை கூடினால் திரை பச்சையாக இருக்கும். அன்று காலை ஒரே பச்சை. மேலதிகாரியே பாராட்டினார். அந்த மிதப்பில் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தேன்.

பக்கத்து சீட்டில் ஓர் அம்மா போனைத் தட்டிக்கொண்டே இருந்தார். எட்டிப் பார்த்தால் எங்கள் ஆப்! சும்மா இருக்க முடியுமா? "நல்லா வேலை செய்யுதாங்க?" என்று கேட்டேன்.

"நல்லாத்தாம்மா செய்யுது. தொட்ட உடனே பதில் வந்துடுது. ஆனா நாளைக்கு எங்க வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் பண்ணியாகணும். நேத்துலேருந்து புக்கிங் போடறேன், 'பிறகு முயற்சி செய்யவும்'னே வருது. போன் பண்ணினா ஆப்லயே போடச் சொல்றாங்க. எங்க நேரம் போலிருக்கு."

கணவருக்குக் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். அங்கேயே ஆபீஸ் நண்பரைப் போனில் அழைத்து, டயாலிசிஸ் முன்பதிவை மட்டும் பார்க்கச் சொன்னேன்.

பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தபோது நண்பர் திரும்ப அழைத்தார். முன்பதிவுப் பகுதிக்கும், காலி இடங்களின் விவரம் இருக்கும் டேட்டாபேஸுக்கும் தொடர்பு அறுந்து கிடந்ததாம். மென்பொருளோ மரியாதையாக 'பிறகு முயற்சி செய்யவும்' என்ற அந்த ஒரு வரியைக் காட்டிவிட்டு, வேலை முடிந்ததாகக் கணக்குக் காட்டியிருக்கிறது. ஒன்றுமே செய்யாததால்தான் அவ்வளவு வேகம்! டயாலிசிஸுக்கு இடம் தேடியவர்களெல்லாம் 'சட்டென்று முடிந்தவை'யில் கிடந்தார்கள்.

நண்பர் சரிசெய்யும்வரை, என் ஸ்டாப்பான அம்மா மண்டபத்தில் இறங்காமல் அந்த அம்மாவோடே போனேன். கடைசியில் மறுநாள் காலைக்கே இடம் கிடைத்தது. அந்த அம்மா போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நீ நல்லா இருக்கணும்மா."

"ஐயோ, இது எங்க தப்புதாங்க" என்றேன்.

"உங்க தப்பா? எங்க நேரம்னுல்லம்மா நான் அழுதுக்கிட்டிருந்தேன்."

திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இன்றும் திரை முழுக்கப் பச்சையாக இருக்கும் நாளில், யாரோ தன் நேரத்தை நொந்தபடி உட்கார்ந்திருக்கிறாரோ என்ற பயத்தில், சட்டென்று முடிந்தவற்றைத்தான் முதலில் திறந்து பார்க்கிறேன்.