எழுத்துள்ள பக்கம்

போன மாதம் இரண்டு பெண் பிள்ளைகள் என் வீட்டு கேட்டைத் தட்டினார்கள். சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் போன். நான் படித்த அதே பள்ளிக்கூடம். பாரம்பரிய கிளப்பாம். வீடு வீடாகப் பழைய பொருள்களைச் சேகரித்துக் கண்காட்சி வைக்கப் போகிறார்களாம்.

"ஆன்ட்டி, பழய சாதனம் எந்தெங்கிலும் உண்டோ? உருளி, கிண்டி, ஓலை... எந்தாயாலும் மதி." எதுவானாலும் போதும் என்று மலையாளத்தில் கேட்டார்கள்.

ரசீது புத்தகம் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள். பொருளை வாங்கிக்கொண்டால் யார் கையெழுத்துப் போடுவது, எந்தப் பதிவேட்டில் ஏறும், எந்தத் தேதியில் திரும்பி வரும் என்று அடுத்தடுத்துக் கேட்டேன். டீச்சரிடம் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். வரவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு கிண்டி கிடைத்ததாகக் கேள்வி. கையெழுத்தில்லாமல்தான் கொடுத்திருப்பார்கள்.

குழந்தைகளிடம் எரிந்து விழுந்திருக்க வேண்டாம். ஆனால் என் கோபம் அவர்கள் மேல் இல்லை. அது அவர்களைவிட ஐம்பது வயது மூத்தது.

கிழக்கேகோட்டைக்குத் தெற்கே ஒரு பெரிய வீட்டின் பின்னால் ஆறு அறைகள் கொண்ட லைன் வீடு இருந்தது. நாலாவது அறை எங்களுடையது. அப்பா தம்பானூரில் ஒரு ஓட்டலில் பலகார மாஸ்டர். அம்மா, நான், பிறகு அத்தை. அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமான மூன்றாம் வருஷம் புருஷன் இறந்துபோக, நாகர்கோவில் பக்கத்திலிருந்து அப்பா அவளைக் கூட்டிவந்தார். வந்த ஒரு மாதத்திலேயே அவள் தம்பானூர் லாட்ஜ் ஒன்றின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் வேலையைப் பிடித்துவிட்டாள். அண்ணன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற பெண் இல்லை அவள். எங்கள் வீட்டில் அவள் தலை நிமிர்ந்து நடந்தது அந்த விரிப்புகளால்தான். தினமும் காலையில் வெளுத்த மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அழுக்கு மூட்டையோடு திரும்புவாள்.

இந்த வேலை நடந்ததற்குக் காரணம் கிணற்றடியில் கிடந்த ஒரு கல். முழங்கால் உயரம், நாலு முழ நீளம். மேல்பக்கம் வழவழவென்று ஒரு சரிவோடு இருக்கும். கிணற்றைப் பார்த்த பக்கவாட்டில் வரிவரியாக ஏதோ எழுத்து. லைன் வீட்டில் யாருக்கும் அதை வாசிக்கத் தெரியாது. ஆனால் அதன் உபயோகம் அத்தைக்குத் தெரியும். வெற்றிலைக் கறை, தலை எண்ணெய்ப் பிசுக்கு, அடித்தும் போகாத அழுக்கு எதுவானாலும் விரிப்பைச் சுருட்டி அந்தப் பக்கத்தில் வைத்துத் தேய்ப்பாள்.

"எழுத்துள்ள பக்கந்தான் மக்கா அழுக்கை எடுக்கும்" என்பாள்.

அந்தக் கல்லைப் பற்றி இதைவிட உருப்படியான ஒரு வாக்கியத்தைப் பிறகு வந்த எந்த அறிஞரும் சொல்லவில்லை.

நான் எட்டாம் வகுப்பு. பள்ளியில் சரித்திர கிளப் ஒன்று இருந்தது. வக்கீல் வீட்டுப் பெண்கள், டாக்டர் வீட்டுப் பெண்கள், கோட்டைக்குள் அக்ரஹாரத்திலிருந்து இரண்டு பேர். அந்த இருவர் வீட்டில் பேசியதும் தமிழ்தான். ஆனால் அவர்களை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. வகுப்பில் தமிழ்க்காரியென்று கேலியாக 'எடி பாண்டி' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டியவள் நான் ஒருத்திதான். என் மலையாளம் அவர்களுடையதைவிடச் சுத்தம் என்பது வேறு விஷயம். சுத்தமாகப் பேசிப் பேசித்தான் மாட்டிக்கொண்டேன்.

சரித்திர டீச்சர் கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கோபத்தை எப்போதோ முடித்திருப்பேன். அந்த வருஷம் பள்ளியில் சரித்திரக் கண்காட்சி வைப்பதாக அறிவித்தார். சோப்பில் செதுக்கிய சிந்துவெளி முத்திரைகள், களிமண் பிரமிடு, சமஸ்கிருத வகுப்புப் பெண்களின் சுலோகம் எல்லாம் உண்டு. ஆனால் அசல் பழம்பொருள் ஒன்றுகூட இல்லை. நடந்து போகிற தூரத்தில் அப்படி ஒன்றைக் காட்டுகிறவளுக்குக் கண்காட்சியில் தொண்டர் பேட்ஜ்.

நான் கையைத் தூக்கினேன்.

எங்கே என்று கேட்டார். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வளவில் என்றேன். 'பக்கத்தில்' என்றது முதல் பொய். காலை பத்து மணிக்கு வந்தால் சௌகரியம் என்றேன். அது பொய் இல்லை. பத்து மணிக்கு அத்தை தம்பானூரில் இருப்பாள். ஆகவே எனக்கு மிகவும் சௌகரியம்.

வந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடி வந்தார். டீச்சர் குனிந்து பார்த்தார், கையால் சோப்பு வழுக்கலைத் துடைத்தார், அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்லைக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக்குள் இறக்கி, துணிப்பொட்டலத்தில் மையைத் தொட்டு ஒற்றினார்கள். கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்து எழும்பி வந்தது. அதற்கு மைப்படி என்று பெயர். அதைப் பார்த்த நிமிஷம் எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது, அதை மறைப்பானேன். நடுவில் மட்டும் நாலைந்து வரிகளில் எழுத்து மழுங்கியிருந்தது.

"கஷ்டம்! எத்ர அட்சரமாணு தேஞ்ஞு போயது! ஆராணு இதில் துணி அலக்குந்தது?" என்று டீச்சர் கொதித்தார்.

துவைப்பது யாரோ ஒரு பாண்டிக்காரி, வாடகைக்கு இருக்கிறாள், சொன்னால் கேட்பதில்லை என்றார், சீருடைக் கூட்டத்தில் என்னைக் கவனிக்காத சொந்தக்காரர். கொடியில் பன்னிரண்டு விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. நான் அவற்றைப் பார்க்காமல் மைப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் ஒரு விடுமுறை நாளில் நாலு சுமட்டுக்காரர்களும் ஒரு கைவண்டியும் வந்து கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அதுவும் பத்து மணிக்குத்தான்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்தியாக வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் கல்வி அலுவலகத்தில் வேலை பார்த்து, சீனியர் சூப்பரண்டாக ஓய்வு பெற்றவள் நான். இப்படி ஒரு பொருளை எடுக்க வேண்டுமானால் முதலில் தாசில்தாருக்கு எழுத வேண்டும். இடத்தில் வைத்து மஹசர் தயாரிக்க வேண்டும். இரண்டு சாட்சி வேண்டும். அதைப் பயன்படுத்துகிறவரின் வாக்குமூலம் வேண்டும். வாங்கியதற்கு ஒப்புகைச் சீட்டு, பதிவேட்டில் வரிசை எண், எல்லாம் வேண்டும். ஒரு பெஞ்சின் உடைந்த காலை விறகுக்குத் தள்ள நாங்கள் மூன்று கடிதம் கேட்போம். அந்தக் கல்லுக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பல வருஷம் கழித்து அதே பள்ளிக்கு ஆய்வுக்குப் போனபோது ஸ்டாக் ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கி வரி விடாமல் பார்த்தேன். பூகோள உருண்டை இருந்தது. வெண்கல மணி இருந்தது. வால் அறுந்த குதிரை பொம்மை ஒன்றுகூட 'பழுது' என்ற குறிப்போடு இருந்தது. கல் இல்லை. பதிவில் ஏறாத பொருளைத் திருப்பிக் கேட்க முடியாது. தொலைத்துவிட்டீர்கள் என்று சொல்லவும் முடியாது. கண்ணெதிரே சைக்கிள் ஷெட்டின் மூலையில் அது சாய்ந்து கிடந்தது, அதன் மேல் நாலு சைக்கிள் சாய்ந்து நின்றன.

அது பின்னால் நடந்தது. அன்று பதினொன்றரைக்கு அத்தை அழுக்கு மூட்டையோடு வந்தாள். கிணற்றடியில் ஒரு பள்ளம். மூட்டையை இறக்காமலே நின்றாள்.

"கல்லு எங்கட்டி?"

கண்காட்சி முடிந்ததும் டீச்சர் திருப்பித் தந்துவிடுவார் என்றேன். டீச்சர் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அத்தை நம்பினாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை சொன்னால் உண்மையாக இருக்கும் என்று அவளுக்கு ஓர் எண்ணம்.

சொந்தக்காரர் மறுநாளே பள்ளத்தை மூடி சிமென்ட் பூசினார். லாட்ஜ் துணி அவர் வளவில் துவைக்கப்படுவது அவருக்கு ரொம்ப நாளாகப் பிடிக்கவில்லை. இப்போது வாய்ப்பு வந்தது. கிணறு இனி குடிதண்ணீருக்கு மட்டும் என்றார். கல் திரும்பி வந்தால் துவைத்துக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். அப்பா போய்ப் பேசிப் பார்த்தார். வாடகை வீட்டில் எவ்வளவு பேச முடியுமோ அவ்வளவு. அத்தை மூட்டையைத் தூக்கிக்கொண்டு கரமனை ஆற்றுக்கு நடந்தாள். போக வர அரை நாள் போயிற்று, விரிப்புகள் நேரத்துக்குப் போகவில்லை. லாட்ஜ் மேனேஜர் மாதக் கடைசிவரை பொறுப்பதாகச் சொன்னார். கண்காட்சி மாதக் கடைசியில்தான் முடிகிறது. ஆகவே அத்தை நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். நானும்தான், பேட்ஜுக்காக.

பழைய லிபி படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரை டீச்சர் வரவழைத்தார். அவர் மைப்படியை மேஜையில் விரித்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வாசித்தார். வட்டெழுத்து, மொழி தமிழ் என்றார். யாரோ ஒரு வணிகனின் மனைவி, வழியில் போகிறவர்கள் குடிக்கவும் குளிக்கவும் துவைக்கவும் இந்தக் கிணற்றையும் கல்லையும் விட்டிருக்கிறாள். இதைத் தடுக்கிறவர்கள் பெரும் பாவத்தில் விழுவார்கள். வகுப்பு முழுக்கக் கை தட்டியது. நானும் தட்டினேன். பிறகு என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் விவரப் பலகையை எழுதும் வேலை எனக்கு வந்தது. மொழி 'பிராசீன மலையாளம்', அதாவது பழைய மலையாளம், என்று டீச்சர் சொன்னபடி எழுதினேன். கண்டுபிடித்தது: சரித்திர கிளப். நன்கொடை: வீட்டுச் சொந்தக்காரர் பெயர். 'எல்லோரும் துவைப்பதற்காக' என்ற வரியை எழுதி அடிக்கோடும் இட்டேன். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை.

கண்காட்சியின் கடைசி நாள் பொதுமக்களுக்கு. கல்லுக்குக் கீழே சிவப்புத் துணி, சுற்றிலும் கயிறு. நெஞ்சில் பேட்ஜ், கையில் பிரம்புக் குச்சியோடு நான். என் இருபுறமும் கிளப் பெண்கள் இரண்டு பேர். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

மூன்று மணி இருக்கும். அத்தை வந்தாள். கல்யாணச் சேலை, படிய வாரிய தலை, கையில் நாலாக மடித்த ஒரு காகிதம். வரிசையில் நின்று நின்று கல்லுக்கு முன்னால் வந்தாள். வந்ததும் கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டி அந்தப் பக்கவாட்டைத் தடவினாள்.

"தொடருது!" என்று கத்தினாள் என் பக்கத்தில் நின்றவள்.

அத்தை என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்து, என் சுத்தமான மலையாளத்தில் அதையே சொன்னேன். தொடக் கூடாது.

அத்தை கையை எடுத்துக்கொண்டாள். பிறகு, முன்பின் பார்த்திராத ஒருத்தியிடம் கேட்பதுபோல, தனக்குத் தெரிந்த உடைந்த மலையாளத்தில் கேட்டாள்:

"இது எந்தா மோளே?"

நான் குச்சியால் தொட்டுத் தொட்டு முழுவதையும் சொன்னேன். எந்தக் காலம், என்ன எழுத்து, யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது. அத்தை தலையாட்டிக்கொண்டே கடைசிவரை கேட்டாள். அந்த நேரம் டீச்சர் அந்தப் பக்கம் வந்தார். ஆராணு என்று விசாரித்தார்.

"ஏதோ பாண்டிக்காரியாணு டீச்சர். கல்லினைத் தொட்டு" என்றேன் நான்.

டீச்சர் அத்தையிடம், என்ன வேண்டும் என்று மரியாதையாகவே கேட்டார். அத்தை காகிதம் இருந்த கையைக் கொஞ்சம் தூக்கினாள். என்னைப் பார்த்தாள். பேட்ஜைப் பார்த்தாள். என் இரண்டு பக்கத்தையும் பார்த்தாள். பிறகு காகிதத்தை இன்னும் ஒரு மடிப்பு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஒண்ணும் வேண்டா. குட்டி நல்லா சொன்னா" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

கல் வரவில்லை. லாட்ஜ் வேலை வேறு ஆளுக்குப் போயிற்று. அத்தை தம்பானூரில் ஓர் ஓட்டலில் மாவாட்டப் போனாள். தோள் இறங்கும்வரை ஆட்டினாள். என்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், அத்தோடு முடிந்திருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்து மனுப் பிரிவில் உட்கார்ந்த புதிது. மனுதாரர் யார், பள்ளிப் பிள்ளைக்கு என்ன உறவு என்று முதல் வரியிலேயே எழுதாமல் மனு கொண்டுவருகிறார்கள், எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று ஒரு நாள் வீட்டில் அலுத்துக்கொண்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"உங்க அத்தை எழுதுனா, கல்லைத் திருப்பிக் கேட்டு. கோட்டைவாசல்ல மனு எழுதுறவர்ட்ட நான்தான் கூட்டிட்டுப் போனேன். எட்டாம் கிளாசில படிக்கிற இன்னாரோட அத்தைன்னுதான் முத வரி. அதனாலதான் கொடுக்காம வந்துட்டா."

கண்காட்சியில் அவள் கையிலிருந்த அந்தக் காகிதத்தை ஏதோ நோட்டீஸ் என்றுதான் அன்று நினைத்தேன். அத்தை ஆசையாகப் பார்க்க வந்தாள், பார்த்தாள், என்னைக் காட்டிக்கொடுக்காமல் போய்விட்டாள், நல்லவேளை என்று இருந்தது எனக்கு. அவள் வாசலைத் தாண்டும் முன்பே, அவள் தொட்டதில் சரிந்திருந்த கயிற்றை இழுத்து நேராக்கிவிட்டு, அடுத்து வந்தவர்களுக்கு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.