ஹாம்பர்க்குக்குப் போன அரைக்கை

இசக்கிமுத்துவுக்கு ஐரோப்பா அத்துபடி. போனதில்லை, அவ்வளவுதான்.

பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் லைன் சூப்பர்வைசர், அதாவது ஒரு வரிசைத் தையல் மெஷின்களுக்கு மேற்பார்வை. மீசை அரும்புகிற வயதில் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு பஸ் ஏறியவர். முதலில் கைமடி வேலை, அதாவது டெய்லர் தைத்துப் போடுவதை எடுத்து அடுக்கிக் கொடுக்கிற எடுபிடி வேலை. அப்புறம் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர், அப்புறம் சூப்பர்வைசர். இத்தனை காலத்தில் அவர் கை பட்ட துணி கணக்கில்லாமல் கப்பல் ஏறியிருக்கிறது. துணி போன ஊருக்கெல்லாம் தானும் போய் வந்துவிட்டதாக மனுஷனுக்கு ஒரு நினைப்பு. பிரான்ஸ்காரனுக்குக் கழுத்து இறக்கமாக இருக்க வேண்டும், இத்தாலிக்காரன் நிறத்தில் துளி குறைந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், ஜெர்மனிக்காரனுக்குத் தையல் கோணினால் சோறு இறங்காது. டீக்கடையில் அவர் ஆரம்பித்துவிட்டால் நடுவில் எவனும் எழுந்து போக முடியாது. டீ ஆறினதுதான் மிச்சம்.

அந்த ஊர்களின் பருவகாலமும் அவருக்குத் துணியை வைத்துத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் லைனில் அரைக்கை டி-ஷர்ட் ஓடும். அது ஸ்பிரிங் ஆர்டர், வசந்த காலத்துக்கு. தை மாதத்துக்குள் கப்பல் ஏறி, பிப்ரவரி கடைசியில் அங்கே கடையில் தொங்கும். கடையில் தொங்குகிறது என்றால் வாங்குகிறான், வாங்குகிறான் என்றால் போடுகிறான். ஆகவே மார்ச் மாதம் ஜெர்மனியில் எல்லோரும் அரைக்கை போட்டுக்கொண்டு திரிகிறார்கள். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

எதுவும் இல்லைதான், அவருடைய மகள் நதியா மார்ச் மாதம் ஜெர்மனிக்குக் கிளம்பும் வரை.

நதியா ஒரே பெண். நர்சிங் முடித்துவிட்டு, வேலை பார்த்துக்கொண்டே கோயம்புத்தூருக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் ஜெர்மன் படித்தாள். வீட்டில் குழம்பு கொதிக்கும்போதுகூட அடுப்படியில் நின்று ஜெர்மன் முணுமுணுப்பாள். ஹாம்பர்க் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அம்மா மூக்கம்மாள் தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். இசக்கிமுத்துவும் கொடுத்தார், ஆனால் அவர் கொடுத்த லட்டு கொஞ்சம் உதிர்ந்துதான் இருந்தது. மகள் போவதில் அவருக்கு மனசில்லை. அதை வெளியே சொல்ல முடியுமா? பெட்டி கட்டுகிற வேலையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடித் திரிந்தார்.

"தடியா ஒரு கோட்டு வாங்குவோம். குளிரு ஊருன்னு எல்லாரும் சொல்லுதாவ" என்றாள் மூக்கம்மாள்.

"யாரு சொல்லுதா? அவன் போயிருக்கானா?" என்றார் இசக்கிமுத்து. "மார்ச்சுல அங்க ஸ்பிரிங். வருசா வருசம் நான்தானட்டி அனுப்புதேன்! கோட்டு, கீட்டுன்னு வெயிட்ட ஏத்தாத. அந்த இடத்துல ஊறுகாய வை."

நதியா ஒரு முறை, "அப்பா, போன்ல பாத்தா நாலு டிகிரின்னு காட்டுது" என்று சொல்லிப் பார்த்தாள். "அது ராத்திரி நேரத்து கணக்கா இருக்கும்" என்று முடித்துவிட்டார். மகளுக்கும் அப்பா வார்த்தையில் ஒரு நம்பிக்கை. கம்பெனியில் சின்னக் குறை கண்டு செகண்ட்ஸ் என்று ஒதுக்கிய அரைக்கை டி-ஷர்ட்டுகளில் நல்லதாகப் பொறுக்கி, நிறத்துக்கொன்றாக அடுக்கிப் பெட்டியை மூடினார். மேலுக்கு ஒரு மெல்லிய முழுக்கை ஜாக்கெட்டும் வைத்தார். அது விமானத்தில் ஏ.சி. போடுவார்களே, அதற்கு.

நதியா போய்ச் சேர்ந்தாள். முதல் சில நாட்கள் வீடியோவில் முகம் மட்டும்தான் காட்டினாள். சாப்பாடு பரவாயில்லை, ரூம் பரவாயில்லை, கூட வேலை செய்கிறவர்கள் பரவாயில்லை. எல்லாமே பரவாயில்லையாக இருந்ததில் மூக்கம்மாளுக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு நாள் பேச்சுவாக்கில் மகள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துவிட்டாள். கழுத்தில் வரிசையாகச் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பட்டி தெரிந்தது.

"ஏட்டி, என்னட்டி இது கழுத்துல?"

"ஒண்ணுமில்லம்மா."

"எத்தன சட்டை போட்டிருக்க?"

நதியா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "பெட்டியில இருந்தது எல்லாத்தையும் போட்டிருக்கேம்மா. அப்பவும் காத்து உள்ள வருது."

இசக்கிமுத்து பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. மகள் போனைத் திருப்பி ஜன்னலைக் காட்டினாள். இலை ஒன்றுகூட இல்லாத மரங்கள். வானம் முழுக்க ஒரே சாம்பல் பூச்சு. மழை மேலேயிருந்து விழாமல் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது. ஒருவர் கையிலும் குடை இல்லை. குடை வைத்திருந்தாலும் காற்று அதை மலர்த்திப் பிடுங்கிக்கொண்டு போய்விடுமாம். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னலில் வெள்ளையாகப் படபடவென்று எதுவோ வந்து மோதியது. ஆலங்கட்டி. அடுத்த நிமிஷம் பளிச்சென்று வெயில். "ஆகா" என்று இசக்கிமுத்து வாயைத் திறப்பதற்குள் அந்த வெயிலும் போய்விட்டது.

"இதுதாம்ப்பா இங்க ஸ்பிரிங்" என்றாள் நதியா. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இந்த மாசம் முடியுத வரைக்கும் பாக்கேன். தாங்க முடியலன்னா திரும்பி வந்துருதேன்" என்றாள்.

மறுநாள் கம்பெனியில் அவர் நேராக மெர்ச்சண்டைசர் ஷாஸியாவிடம் போனார். துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்களோடு பேசுகிறவள் அந்தப் பெண்தான்.

"மேடம், ஸ்பிரிங்குன்னு சொல்லித்தான நம்மட்ட அரைக்கை வாங்குதான்? அங்க ஆலங்கட்டியில்ல விழுது!"

"அது கடையில வர்ற ஸ்பிரிங் அண்ணா" என்றாள் ஷாஸியா. "வெளிய வர மே, ஜூன் ஆகும். மாசக்கணக்கா வெயிலே பாக்காம அலுத்துப் போயிருப்பாங்கல்ல. வாங்கி அலமாரில வச்சுட்டுக் காத்துக்கிட்டிருப்பாங்க."

இத்தனை வருடமும் தைத்தனுப்பியது போடுகிற சட்டை இல்லை, காத்திருக்கிற சட்டை! இசக்கிமுத்து லைனுக்குத் திரும்பி வந்தார். லைனில் அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது என்கிறீர்கள்? அடுத்த குளிர்காலத்துக்கான ஆர்டர். உள்பக்கம் பிரஷ் அடித்துப் பஞ்சு பஞ்சாக எழுப்பிய கனத்த துணி. பங்குனி வெயிலில் தகர ஷெட் கொதிக்க, மின்விசிறி அனல் காற்றை வாரி அடிக்க, டெய்லர்கள் எல்லாம் மடியில் அந்தக் கனத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வியர்த்து வழிந்தார்கள். அங்கே மகள் அரைக்கையில் நடுங்குகிறாள். இங்கே அப்பன் புருவமெல்லாம் குளிர்காலத்துப் பஞ்சோடு நிற்கிறார். அவருக்கே சிரிப்பு வந்தது. வயிறும் எரிந்தது.

விஷயம் லைனுக்குள் பரவ எவ்வளவு நேரமாகும்? முதல் மெஷினில் உட்காரும் வெள்ளையம்மாள் உள்ளூர்க்காரி, அவரைவிட மூத்தவள், வாய்க்காரி.

"ஏனுங் தம்பி, ஊரு ஒலகமெல்லாந் தெரியுமுன்னு சொன்னீங்க. பாப்பாவ வெறும் பனியனோட அனுப்பிப்போட்டீங்களாமா?"

லைனே குலுங்கிச் சிரித்தது. இசக்கிமுத்து பூசி மெழுகப் பார்த்தார், முடியவில்லை. ஆனால் சிரித்த கையோடு வெள்ளையம்மாள் கேட்டாள்: "பாப்பாவுக்கு இப்பத் தேவலைங்களா? அங்க இன்னைக்கு வெயலு வந்துச்சுங்களா?"

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. காலையில் மெஷின் ஓடத் தொடங்குமுன் இசக்கிமுத்து போனைப் பார்த்து ஹாம்பர்க் நிலவரம் சொல்வார். திருப்பூரில் மழை வருமா என்று ஒருவரும் கேட்டதில்லை. "இன்னைக்கு மூணு டிகிரி, தூறல்." "இன்னைக்கு மூடுபனி, எதிர்த்த வீடு தெரியாதாம்." "நேத்து பத்து நிமிசம் வெயில் அடிச்சிருக்கு. அந்தப் பத்து நிமிசத்துக்கு ஊரே வேலையப் போட்டுட்டு வெளிய வந்து, கோட்டக் கழட்டாம நாற்காலியில உக்காந்து, கண்ண மூடி மூஞ்சிய மேல தூக்கிக் காட்டுச்சாம்." இதைக் கேட்டு வெள்ளையம்மாள், "அடக் கருமமே, நம்ம வெயலுல பாதியப் பொட்டியில கட்டி அனுப்பிப்போடலாமுங்களே" என்றாள்.

லைன் முழுக்க வெயிலுக்கு ஏங்கியது. இசக்கிமுத்து மட்டும் மழைக் கட்சி. அதை எவரிடமும் சொல்லவில்லை. குளிர் கூடக் கூட, மகள் வந்துவிடுவாள் என்ற ஆசையும் கூடியது. வாசலில் பெட்டியோடு வந்து நிற்பாள். இங்கேயே அவிநாசி ரோட்டில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? சாயங்காலம் ஸ்கூட்டரில் போய் அழைத்து வரலாம். இப்படியெல்லாம் நினைத்துப் பார்ப்பது வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மூக்கம்மாள் கண்ணுக்கு அது தப்பவில்லை. ஒரு காலை, போனைப் பார்த்து, "வாரம் பூரா மழைதானாம், காத்து வேற" என்று படித்தவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"புள்ள அங்க வெறைக்கா. இங்க என்னத்துக்குச் சிரிக்கீங்க?"

"நான் எங்கட்டி சிரிச்சேன்?"

"நேத்தும் சிரிச்சீங்க." அவள் காய் நறுக்குவதை நிறுத்தினாள். "எனக்கு மட்டும் அவ இங்க இருந்தா கசக்குமா? வேண்டாம்னு தோணி அவளா வந்தா வரட்டும். நான் வாசல்லயே நிக்கேன். ஆனா நீங்க கட்டுன பெட்டியால வரக்கூடாது."

இசக்கிமுத்து போனைக் கவிழ்த்து வைத்தார். பாதி டிபனோடு எழுந்து வேலைக்குக் கிளம்பினார்.

அன்று மேனேஜரிடம் கேட்டு, கட்டிங்கில் மிச்சம் விழுந்த பிரஷ் துணியை எடுத்துக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சும்மா இருந்த மெஷினில் உட்கார்ந்தார். மகளுக்கு டேப் வைத்து அளவெடுக்கத் தேவையில்லை, கைக்கே தெரியும். கழுத்தை ஏற்றி வைத்தார். மணிக்கட்டில் இறுகப் பிடிக்கிற மாதிரி ரிப் பட்டி. காற்று நுழைய ஓர் ஊசித் துளை இடம் விடக் கூடாது என்று ஓரமெல்லாம் இரட்டைத் தையல். வெள்ளையம்மாள் சாப்பாட்டுத் தூக்கை மூடிவிட்டு வந்து, "நகருங் தம்பி, தொப்பி நாஞ் சேத்தறனுங்க" என்று வாங்கிக்கொண்டாள். முடித்ததும் ஷாஸியா வந்து பார்த்து, "இது எக்ஸ்போர்ட் குவாலிட்டிக்கு மேல இருக்கு அண்ணா" என்றாள்.

பார்சல் கட்டியாயிற்று. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்தார். கூரியர் ஆபீஸ் வீட்டுக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. அன்று அதைத் தாண்டிப் போய்விட்டார். மறுநாளும் தாண்டினார். இது போய்ச் சேர்ந்தால் அவளுக்குக் குளிராது. குளிராவிட்டால் அவள் வரமாட்டாள். ஒரு பார்சலுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு மனுஷன் திருப்பூர் ரோட்டில் போக வர இருந்தார். மூன்றாம் நாள் சிக்னலில் பயங்கர வெயில். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபோது அவருக்கு மகளின் கழுத்தில் தெரிந்த அந்தப் பட்டிகள் ஞாபகம் வந்தன. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். அப்பா பேச்சை நம்பிப் போட்டுக்கொண்டு நின்ற பிள்ளை. வண்டியைத் திருப்பி நேரே கூரியர் ஆபீஸ் வாசலில் நிறுத்தினார்.

மார்ச் கடைசி ஞாயிறு வந்தது. ஞாயிறு என்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு நதியா வீடியோவில் வருவாள். மாசம் முடிகிறது, இன்றைக்கு முடிவைச் சொல்லிவிடுவாள். இசக்கிமுத்து ஐந்து மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. மகள்.

ஒரு மணி நேரம் முன்னாலேயே! என்ன ஆயிற்றோ என்ற பயம் பாதி, வருகிறேன் என்று சொல்லப்போகிறாளோ என்ற ஆசை பாதி. ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாகப் போனை எடுத்தார். மூக்கம்மாளும் ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"என்னம்மா, இவ்வளவு சீக்கிரம்?"

"சீக்கிரம் எல்லாம் இல்லப்பா, எங் கடிகாரத்துல எப்பவும் பேசுத நேரந்தான். இன்னையிலேர்ந்து இங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வச்சாச்சு. வெயில் காலம் வருதுல்ல, வருசா வருசம் இப்படித்தானாம். உங்களுக்குத் தெரியாதா?"

ஐரோப்பா அத்துபடியான மனுஷர் இன்னொரு கையையும் சட்டைக்குள் நுழைத்தார்.

நதியா வெளியே, ஓர் ஏரிக்கரைப் புல்தரையில் உட்கார்ந்திருந்தாள். புல்லுக்கு நடுவே குட்டிக் குட்டியாக ஊதாப் பூக்கள். மரங்கள் இன்னும் மொட்டைதான், ஆனால் கிளை நுனியில் ஏதோ பச்சையாகப் பொட்டு வைத்திருந்தது. வெயில் நிஜமாகவே அடித்தது. சுற்றிலும் ஊரே மூஞ்சியை வெயிலுக்குத் தூக்கிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மகள் அப்பா தைத்த கனத்த சட்டையை இடுப்பில் கட்டியிருந்தாள். மேலே மஞ்சள் அரைக்கை. கையில் மயிர்க்கால் சிலிர்த்து நிற்பது வீடியோவிலேயே தெரிந்தது.

"ஏட்டி, குளிருதுல்ல, அத எடுத்துப் போடு!" என்றாள் மூக்கம்மாள்.

"போட்டிருந்தேம்மா. நாலு நாளா அதத்தான் போட்டுக்கிட்டுத் திரியுதேன். கழட்டவே மனசு வரல. இன்னைக்கு மட்டும் இது. நல்ல வெயில் வந்தா போடணும்னு வச்சிருந்தேன்." நதியா முகத்தை வெயிலுக்குத் திருப்பிக் கண்ணை மூடினாள். அந்த ஊர்க்காரியாகவே இருந்தாள். அப்புறம் திறந்து, "அப்பா, அடுத்த குளிருக்கு இதே மாதிரி இன்னொண்ணு வேணும். ஒண்ண வச்சுக்கிட்டுத் தோச்சுப் போட முடியாது. கை மட்டும் கொஞ்சம் நீளமா" என்றாள்.

அடுத்த குளிருக்கு. இசக்கிமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. மூக்கம்மாள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவருக்குக் கண் நிறைந்தது. மறைக்கவும் இல்லை.

"ஒரு இஞ்சு கூட்டினா போதுமாம்மா?" என்று கேட்டார்.

"போதும்ப்பா."

திங்கட்கிழமை காலை லைனில் மெஷின்கள் தயாராக நின்றன. கீழே பஞ்சு, மேலே தகரச் சூடு. வெள்ளையம்மாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்: "ஏனுங் தம்பி, பாப்பா ஊர்ல இன்னைக்கு எப்படிங்க?"

இசக்கிமுத்து போனைப் பார்த்தார். மத்தியானத்துக்கு மேல் தூறல் என்றிருந்தது. போனைப் பைக்குள் போட்டார்.

"வெயிலுதான்க்கா" என்றார். "நல்ல வெயிலு. சுவிட்ச் போடுங்க."