ஆறு மணிக்குள் முளைப்பாரி

எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. பத்தாவது வரைதான் படிப்பு. நாலு பேர் கூடியிருந்தால் வாய் திறக்கக் கூசுகிறவள் புத்தகத்தில் எழுத வந்தது அதிகப்படிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஊர்வல அனுமதியைப் பற்றிச் சட்டம் தெரிந்தவர்கள் நன்றாக எழுதுவார்கள். அப்படி ஒரு அனுமதி வாங்கிய ஊர்வலத்தில் தலையில் முளைப்பாரியோடு நடந்தவள் நான். அந்த மட்டுக்கும் சொல்கிறேன்.

ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு அம்மன் கோவில் உண்டு. பங்குனியில் சட்டிகளில் நவதானியம் முளைக்கப்போட்டு, பெண்கள் தலையில் சுமந்துபோய் ஊருணியில் விடுவோம். தலையில் ஏறிய பாரி தண்ணீரில்தான் இறங்க வேண்டும். வழியில் தரையில் வைக்கக் கூடாது. போன வழியே திரும்பியும் வரக் கூடாது. எண்பதுகளில் நான் சின்னப் பெண்ணாகப் பாரி எடுத்தபோது ஸ்டேஷனுக்கு யாரும் தகவல்கூடச் சொன்னதில்லை.

ஊருணிக்குப் போகும் வழியில் மேலத்தெரு முக்கு இருக்கிறது. ஒரு வருஷம் எங்கள் ஆட்கள் அந்த முக்கில் நின்று கொட்டடித்தார்கள் என்று மேலத்தெருக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். உடைந்த சோடா பாட்டிலால் எங்கள் தெருக்காரர் ஒருவரின் கன்னத்தைக் கிழித்தார்கள். பல் வெளியே தெரிந்தது, அவர் அதைக் கையால் மூடிக்கொண்டே நடந்து வந்தார். அவர்கள் பக்கத்தில் ஒருவருக்கு அரிவாள்வெட்டில் இரண்டு விரல் போயிற்று. அடுத்த வருஷம் போலீஸ் பாரி எடுக்கவே விடவில்லை. அதற்கடுத்த வருஷம், எழுதி வாங்கினால்தான் ஊர்வலம் என்றார்கள்.

எழுதிக் கொடுத்தால் பொறுப்பாளர் என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். எது நடந்தாலும் முதல் கேசு அவர் பேரில்தான். தெருவில் யாரும் முன்வரவில்லை. கடைசியில் என் அண்ணனிடம் வந்தார்கள். அண்ணன் அப்போது போலீஸ் செலக்ஷனில் ஓட்டம், கயிறு எல்லாம் பாஸாகி, ஸ்டேஷன் விசாரணைக்காகக் காத்திருந்தான். பேரில் ஒரு கேசும் இல்லை என்று எழுதி வந்துவிட்டால் ஆர்டர் வந்துவிடும். அப்பா இறந்தபின் அம்மாவும் நானும் மில்லுக்குப் போய் நடத்திய வீடு அது.

"நாளைக்கு நீயே போலீசு. ஒன் கையெழுத்துன்னா அவனுவ மதிப்பானுவடா" என்றார் நாட்டாமை.

"ஏலே, போடாத. அவிய மகன் கை சூம்பிப் போச்சோ, அவன் போடட்டும்" என்றாள் அம்மா, நாட்டாமையின் காதுபடவே.

அண்ணன் சிரித்தான். "பொம்பளையாளுவ சட்டி தூக்கிட்டு நடக்குறதுக்கு என்னம்மா கேசு வரப்போவுது?"

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப்போய்ப் பெரிய ஆபீசில் இரண்டு தெருக்காரர்களும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும், ஆறு மணிக்குள் ஊருணியில் முடிக்க வேண்டும். மேலத்தெரு முக்கில் கொட்டு நிற்க வேண்டும். கம்பு, சிலம்பம் கூடாது. கோஷம் கூடாது. எல்லாவற்றுக்கும் அண்ணன் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தான்.

கவுளி சொன்னால்தான் பாரி கிளம்பும். சாமி சந்நிதியில் பல்லி ஒரு சத்தம் கொடுக்க வேண்டும், அதுதான் அம்மன் உத்தரவு. எங்கள் தெருவில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அதை ஆபீசில் சொல்ல வேண்டும் என்று போனவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அண்ணனுக்கும் தோன்றவில்லை.

அன்றைக்குக் கோவிலைச் சுற்றி இரண்டு வேன் போலீஸ். வெளியூர் ஆட்கள், பிரம்புத் தடுப்பும் லத்தியுமாக நின்றார்கள். நாலு மணிக்குப் பாரிகளைச் சந்நிதி முன்னால் வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருந்தோம். கவுளி சொல்லவில்லை. கொட்டை நிறுத்தினார்கள், குழந்தைகளை வெளியே அனுப்பினார்கள். அப்போதும் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் வாசலில் வந்து நின்றார். "என்னப்பா பொறுப்பாளர், எதுக்கு உக்காந்திருக்கீங்க?"

அண்ணன் சொன்னான்.

"பல்லிக்கா?" அவர் பின்னால் திரும்பி, "யோவ், பல்லிக்குப் பர்மிஷன் கொடுத்தமாய்யா?" என்றார். போலீஸ்காரர்கள் சிரித்தார்கள்.

"செத்த நேரம் சார்."

"உன் நேரம்டா அது. எனக்கு ஆறு மணி. ஒரு நிமிஷம் பிந்தினாலும் உள்ள வைப்பேன். செலக்ஷன் ஆகியிருக்கியாமே, கேள்விப்பட்டேன்."

அண்ணன் நாட்டாமையிடம் போய், கவுளி சொல்லாமலே தூக்கச் சொல்லலாமா என்று கேட்டான். "போன வருசம் எடுக்காமப் போட்டதுக்கே மூணு சாவு விழுந்துச்சு. இன்னொன்னு விழுந்தா நீ தூக்குவியா?" என்றார் அவர். அண்ணன் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துத் துடைத்து முகமே சிவந்துவிட்டது.

ஐந்தரையும் தாண்டிய பிறகு சந்நிதி உத்தரத்திலிருந்து கவுளி சொன்னது. குலவையிட்டுப் பாரியைத் தலைக்கு ஏற்றினோம். "ஓடுங்க, ஓடாத மாதிரி ஓடுங்க" என்று அண்ணன் வரிசையின் ஓரமாகவே வந்தான். எனக்கு முன்னால் அம்மா. பின்னால் பக்கத்து வீட்டுத் தெலுங்கு மதினி.

மேலத்தெரு முக்கில் கொட்டை நிறுத்தினோம். எழுதிக் கொடுத்தபடிதான். கொட்டு நின்றதும் எங்கள் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதியில் மாடியிலிருந்து முதல் கல் வந்தது. மதினியின் பாரியில் விழுந்து, சட்டி அவள் தலையிலேயே உடைந்தது. மண்ணும் முளையும் ரத்தமும் சேர்ந்து அவள் மூக்கு வழியாக ஒழுகியது. அவள் ஓட்டுத் துண்டைக்கூடக் கீழே விடாமல் இரண்டு கையாலும் தலையோடு அழுத்திக்கொண்டு நின்றாள். பிறகு கல் மழையாக வந்தது. ஒரு பெண்ணின் காது கிழிந்தது. கம்பு கூடாது என்று வந்திருந்த எங்கள் ஆட்கள் ஒரு வீட்டுக் கூரைக் கழிகளைப் பிடுங்கினார்கள். அண்ணன் அவர்கள் முன்னால் கையை விரித்து நின்றான்.

"போடுங்கலே கீழ. எனக்காகப் போடுங்க. தண்ணி அந்தா தெரியுது."

உண்மையிலேயே ஊருணிக் கரை தெரிந்தது. ஆனால் எங்களுக்கும் கரைக்கும் நடுவில் போலீஸ் வரிசை வந்து நின்றது. ஆறு மணி ஆகிவிட்டதாம். கல் எறிந்த மாடிப்பக்கம் ஒருவரும் ஏறவில்லை. ஒலிபெருக்கியில், "பாரியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போங்க" என்றார்கள். இறக்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம். அதை அவர்கள் எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

விசில் ஊதியதும் அடி விழுந்தது. தலையில் இரண்டு கையையும் தூக்கி வைத்திருக்கும் பெண்ணை அடிப்பது எளிது. விலா, இடுப்பு, முழங்கால் எல்லாம் திறந்து கிடக்கும். முதல் அடி என் முட்டியில். அடுத்தது வலது முழங்கையில், உள்ளே ஏதோ சுள்ளி முறிவது மாதிரி கேட்டது. கை தானாக விழுந்துவிட்டது. இடது கையால் பாரியைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் மதினி, "ஒத்தய்யா, ஒத்து" என்று வேண்டாம் வேண்டாமெனத் தெலுங்கில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவளை முடியைப் பிடித்துத் தரையில் இழுத்தார்கள். ஒரு கிழவி மண்டியிட்டு விழுந்தும் பாரியைத் தரையில் படவிடாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். அவள் புறங்கையிலேயே அடித்தான் ஒருவன், விடும் வரை.

ஒரு போலீஸ்காரன் அம்மாவின் பாரியைத் தட்டிவிடப் பார்த்தான். அம்மா நகரவில்லை. அவன் லத்தியை ஓங்கினான். அது தலைக்கான ஓங்கல்.

அண்ணன் அந்த லத்தியைப் பிடித்தான்.

அடிக்கவில்லை, பிடுங்கவும் இல்லை. பிடித்துக்கொண்டு, "சார், தண்ணியில விட்ருவாவ சார். பொறவு என்னைய என்ன வேணும்னாலும் செய்ங்க" என்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். தான் எதைப் பிடித்திருக்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. விடவில்லை.

"கை வைக்கிறான் சார்" என்று அந்தப் போலீஸ்காரன் கத்தினான்.

ஏழெட்டுப் போலீஸ்காரர்கள் அண்ணன்மேல் விழுந்தார்கள். வரிசை அங்கே குவிந்ததால் கரைப்பக்கம் வழி திறந்தது. "போம்மா" என்ற சத்தம் அந்தக் கும்பலுக்குள்ளிருந்து வந்தது. அம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நானும் நடந்தேன். பின்னால் பூட்ஸ் கால்களால் மிதிக்கும் சத்தம், ஈரத்துணியைக் கல்லில் அடிப்பது போல. முழுசாக வந்த பாரியையும் உடைந்த ஓடுகளையும் தண்ணீரில் விட்டோம். எப்படியோ எழுந்து வந்துவிட்ட மதினி வெறுங்கையைத் தண்ணீரில் முக்கிக் கழுவினாள். அம்மா குலவையிட்டாள், அவள் ஒருத்திதான் இட்டாள். பிறகு ரோட்டுக்கு ஓடினோம். வேன் போய்விட்டிருந்தது. அண்ணனின் கிழிந்த சட்டைதான் கிடந்தது.

மறுநாள் அண்ணனை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நிறுத்தி, அரசு ஊழியரைத் தாக்கியதாகக் கேசு போட்டு ரிமாண்டுக்கு அனுப்பினார்கள். எனக்குக் கையில் மாவுக்கட்டுப் போட்டார்கள். அம்மா மில்லுக்கு லீவு சொல்லியிருந்தாள். பாரிக்கு மறுநாள் தெருவே கூடி ஆடும் மஞ்சள் நீராட்டு நடக்கவில்லை.