நூற்றிருபது டிகிரி

பிச்சமுத்துவின் நோட்டில் காலிக் கட்டம் கிடையாது. துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில், வெல்டிங் ராடுகளைச் சூடாக வைத்திருக்கும் ஓவனுக்குப் பத்தொன்பது ஆண்டுகளாக அவர்தான் பொறுப்பு. ராடில் ஈரம் ஏறினால் பற்றவைத்த இடத்துக்குள் ஓட்டை விழும், எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஓவன் 120 டிகிரியில் இருக்கிறதா என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீட்டர் முள்ளைப் பார்த்து எழுத வேண்டும்.

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் வந்து, அங்கே பஸ் மாறி, காலை ஏழு ஐம்பதுக்கு உள்ளே நுழைவார். முத்து முத்தான கையெழுத்து. ஆடிட்டர் அந்த நோட்டைப் பார்த்தால் மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டார். எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்ற ஐந்து கட்டங்களிலும் காலையிலேயே ஒரே மூச்சில் 120 என்று எழுதப்பட்டுவிடும் என்பது ஆடிட்டருக்குத் தெரியாது. கட்டம் காலியாக இருந்தால்தானே கேள்வி வரும்.

ஜூன் மாதம் தேவதர்ஷினி வந்தார். ஓட்டை விழுந்தால் காரணம் சொல்லும் ஏஐ மென்பொருளை அவருடைய கம்பெனி உருவாக்கிக்கொண்டிருந்தது. வேலை செய்பவர்களைக் கேட்டுத்தான் அதை வடிவமைப்போம் என்று சொல்லி, பத்தாம் தேதி முதல் மூன்று நாள் பிச்சமுத்துவின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அந்த மூன்று நாளும் பிச்சமுத்து நேரம் தவறாமல் எழுந்துபோய், குனிந்து, முள்ளைப் பார்த்து எழுதினார்.

ராடு வாங்க வந்த வெல்டர் மஜீதா சிரித்தாள். "என்ன அண்ணே, ஓவன் மேல திடீர்னு இவ்வளவு பாசம்?"

"போம்மா, வேலையைப் பாரு."

தேவதர்ஷினி கேட்டார்: "தினமும் இப்படித்தானா சார்?"

"பத்தொன்பது வருஷமா இப்படித்தாங்க."

அந்தப் பதிலை நம்பி, பழைய நோட்டுகள் அனைத்தையும், பிறகு அன்றன்று எழுதுவதையும் மென்பொருளுக்குக் கொடுத்தார்கள்; பட்டறையில் அதற்கு ஒரு திரையும் வைத்தார்கள்.

செப்டம்பர் 16, செவ்வாய்க்கிழமை. பதினொன்று ஐந்துக்குப் போன கரண்ட் ஒன்று ஐம்பதுக்குத்தான் வந்தது. வெல்டிங் வேலை ஜெனரேட்டரில் நடந்தது. ஓவன் அந்த லைனில் இல்லை. பிச்சமுத்து நோட்டைத் திறந்து பார்த்தார். பன்னிரண்டு மணிக் கட்டத்தில் 120 காய்ந்துபோய் இருந்தது. அடித்துத் திருத்தினால் அசிங்கம் என்று மூடிவைத்தார். ராடுகளை எப்போதும்போல் கொடுத்தார்.

வியாழக்கிழமை எக்ஸ்ரே வந்தது. செவ்வாயன்று மஜீதா பற்றவைத்ததில் ஒன்பது இடங்களில் ஓட்டை. ஓவன் சூடு சரி, வெல்டரின் கைப்பிழை என்று மென்பொருளின் திரை சொன்னது. "கரண்ட் போனப்பகூட நோட்டுல 120 இருக்கே" என்றார் சூப்பர்வைசர் அன்புச்செல்வன். மஜீதாவை வெல்டிங்கிலிருந்து எடுத்துக் கிரைண்டிங்கில் போட்டார். அவளுடைய சோற்று டப்பா அந்தப் பக்கத்து அலமாரிக்குப் போனது. பிச்சமுத்து அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். ஐந்து நாள் அப்படி இருந்தார்.

23ஆம் தேதி கருத்துக் கேட்கத் தேவதர்ஷினி எல்லோரையும் கூட்டினார். "மஜீதாவை வேலையிலருந்தே எடுத்துரலாம்னு மேல சொல்றாங்க. அதுக்கு முன்னாடி கேக்கறேன், திரையில ஏதாவது தப்பா தெரியுதா?"

பிச்சமுத்து எழுந்தார். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"நோட்டுதாங்க தப்பு. அன்னிக்கு நான் முள்ளைப் பாக்கல. என்னிக்குமே பாத்ததில்ல. காலையிலயே எழுதிருவேன். நீங்க உக்காந்திருந்த மூணு நாள் மட்டும் பாத்தேன்."

தேவதர்ஷினி தன் குறிப்புப் புத்தகத்தின் பழைய பக்கங்களைப் புரட்டி, மூன்று பக்கங்களின் குறுக்கே கோடு போட்டார். பிச்சமுத்து மஜீதாவைத் திரும்பிப் பார்த்தார்.

"தெரியும் அண்ணே" என்றாள் அவள். "நான் சொன்னா நோட்டை விட்டுட்டு என்னை நம்புவாங்களா? அஞ்சு நாளா உங்களைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

மறுவாரம் நோட்டுக்குப் பதிலாகத் திரையிலேயே சூட்டைப் பதியச் சொன்னார்கள்; அதில் 'பார்க்கவில்லை' என்று ஒரு பொத்தானும் வந்தது. அதை அழுத்தினால் யாரும் திட்டக்கூடாது என்பது தேவதர்ஷினி போட்ட நிபந்தனை. மஜீதா வெல்டிங்குக்குத் திரும்பினாள்.

பிச்சமுத்து இப்போது முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் பதிகிறார். ஆனாலும் ராடு வாங்க வரும்போதெல்லாம் மஜீதா முதலில் ஓவன் பக்கம் குனிந்து, முள்ளைத் தானே ஒருமுறை பார்க்கிறாள். அதற்குப் பிறகுதான் கை நீட்டுகிறாள். அவள் பார்த்து முடிக்கும்வரை பிச்சமுத்து ராடுகளைப் பிடித்தபடி நிற்கிறார்.