பதில் வராத அம்பு

பேனா மூடியைப் பல்லில் கவ்வியபடியே வெள்ளைப் பலகையில் ஓர் அம்புக்குறியைத் தட்டிக் கேட்கிறார் அக்கா: "சரி, பதில் வரலைன்னா?" எதிரே இருப்பவர்கள் அந்த அம்பை மறுபடி பார்க்கிறார்கள். எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும் அந்த மூடி பல்லை விட்டு இறங்காது. பேச்செல்லாம் அதற்குப் பக்கவாட்டில்தான்.

அலுவலகத்தில் அவருக்குப் பெட்டி அக்கா என்று பெயர். நாள் முழுக்கப் பெட்டி பெட்டியாக வரைவதுதான் வேலை. ஒவ்வொரு பெட்டியும் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கும் கம்ப்யூட்டர். அம்பு, ஒன்று இன்னொன்றுக்கு அனுப்பும் சேதி. படம் சரியாக இருந்தால் போதும், அத்தனை கம்ப்யூட்டருக்கும் வேண்டிய புரோகிராமை ஒரு மென்பொருளே எழுதித் தள்ளிவிடும். பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று சொல்லாத அம்பு ஒன்றே ஒன்று இருந்தாலும் அது ஒரு வரிகூட எழுதாது. அந்தப் பிடிவாதத்தை அதற்குச் சொல்லிக்கொடுத்ததும் அக்காதான்.

புதிதாகச் சேர்ந்த ஒருவர் அவசரத்துக்குப் புரோகிராமிலேயே கைவைத்துத் திருத்தினார். மறுநாள் படத்திலிருந்து எல்லாம் புதிதாக எழுதப்பட்டபோது, திருத்தம் போன இடம் தெரியவில்லை. "பாவம், நல்லாத்தான் எழுதியிருந்தீங்க," என்றார் அக்கா. "படத்துல போடுங்க."

பதில் வராத அம்புக்கு அவர் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: மூன்று தடவை கேள், வரவில்லையா, பக்கத்துப் பெட்டியைக் கேள். "பதில் வரலைன்னா சேதியே போய்ச் சேரலைன்னு முடிவு கட்டிடாதீங்க. சேர்ந்திருக்கும். அங்க அதுக்கு என்ன பாடோ!"

போன வாரம் அவருடைய அண்ணன், இதய ஆபரேஷன் வேண்டவே வேண்டாம் என்று ஃபோனில் சொன்னார். "சின்னப்பிள்ளை மாதிரி பேசாதண்ணா!" என்று அக்கா கத்த, அவர் பட்டென்று வைத்துவிட்டார். திங்கட்கிழமைக்குள் அண்ணன் டாக்டரிடம் சரி என்று சொல்லியாக வேண்டும். இன்று வெள்ளி. ஆனாலும் அக்கா போடும் பெட்டிகள் நேராகத்தான் விழுகின்றன.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் அண்ணனைக் கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாவதும் ஓய்ந்தபோது, பலகையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அண்ணியின் எண்ணை அழுத்தினார்.

"அடடா, நீயா! இங்கதாம்மா இருக்காரு. நீ கூப்பிடறப்பல்லாம் ஃபோனையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காரு."

"அண்ணன்கிட்ட குடுங்க அண்ணி."

ஃபோன் கைமாறும் சத்தம் கேட்டது. அக்கா பல்லிலிருந்த மூடியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.