சுருதிப்பெட்டிக்கு ஓர் ஒன்பது வோல்ட் அடாப்டர்

வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்க நான் வைத்திருக்கும் சுருதிப்பெட்டியின் அடாப்டர் இன்று காலை உயிரை விட்டது. மாலையில் வகுப்பு.

பழைய அடாப்டரை எடுத்துக்கொண்டு கடலூரில் ஒரு கடைக்குப் போனேன். அது ஒன்பது வோல்ட். கடைக்காரர் பன்னிரண்டு வோல்ட் ஒன்றை எடுத்து வைத்தார்.

“பின்னு ஒண்ணுதான் மேடம். வோல்ட்டு ஜாஸ்தின்னா சத்தம் இன்னும் நல்லா கேக்கும்.”

வேண்டாம் என்றேன். அடுத்த கடையிலும் இதே பேச்சு. வெயிலில் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் நின்றுகொண்டேதான் போனேன்.

அங்கே ஒரு மியூசிக் கடையில் கிடைத்தது. அதே ஒன்பது வோல்ட். ஆம்பியர் கொஞ்சம் கூடுதல், அது பரவாயில்லை. பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் குட்டிப் படத்தையும் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்தால் பிளாஸ்டிக் கருகிய வாடை. சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வந்த கணவர் சுருதிப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“நீ அலையிறியேன்னு பழைய மோடத்தோட அடாப்டர மாட்டுனேன். பின்னு கரெக்டா உக்காந்துச்சு. கொஞ்ச நேரம் நல்லாத்தான் பாடுச்சு.”

“அது எத்தினி வோல்ட்டுங்க?”

“அத யாரு பாத்தா?”

கோபப்படவும் தெம்பில்லை. காபி போட்டு இருவரும் குடித்தோம். இன்று வகுப்பு இல்லை என்று பிள்ளைகளுக்கு மெசேஜ் அனுப்பினேன்.

மக்களே, என்னிடம் மிகச் சரியான அடாப்டர் ஒன்று இருக்கிறது. அதற்கேற்ற சுருதிப்பெட்டி யாரிடமாவது இருக்கிறதா?