க்ரெக் நகர்த்திய நூல்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நாங்கள் குடியிருக்கும் தெருவுக்கு ஒரே ஒரு ஏணிதான். அது யாருடையது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. தேவைப்பட்டவர் விசாரித்து எடுத்துப் போகிறார். வேலை முடிந்ததும் அது அவர் வீட்டிலேயே கிடக்கிறது. பக்கத்து வீட்டு க்ரெக், வந்த புதிதில் என் கையில் ட்ரில் மெஷினைத் திணித்துவிட்டு, எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தரலாம் என்றார். அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். இரவல் வாங்கிய இரும்பு எங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு வீட்டுச் சங்கதியைக் கொட்டுகிறான் என்று ஊர்க்காரர்கள் கோபப்பட்டால் படட்டும்.

ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே எங்கள் வயலுக்கும் கலியபெருமாள் வயலுக்கும் நடுவே ஒரே வரப்பு. அவரிடம் நல்ல கனமான மண்வெட்டி ஒன்று இருந்தது. நடவுக்கு முன் வரப்பைச் செதுக்க அப்பா அதைத்தான் கேட்பார். கல்லூரி விடுமுறையில் இருக்கும் நான் போய் வாங்கி வருவேன். புல்லும் எலி வளையும் போகச் செதுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அப்பா எங்கள் பக்கத்தில் நாலு விரல்கடை கூடுதலாகச் செதுக்குவார். அந்தச் சேற்றைக் கலியபெருமாள் பக்கத்தில் அப்பிவிடுவார். வரப்பின் அகலம் மாறாது, இடம் மட்டும் மாறும். இப்படியே பல வருடம், அவருடைய மண்வெட்டியாலேயே அவருடைய நிலத்தைத் தின்றோம்.

கலியபெருமாள் சந்தேகப்பட்டுக் கூட்டிவந்த சர்வேயர் அளந்த அன்றும் அண்ணன் அந்த மண்வெட்டியோடுதான் வரப்பில் நின்றான். நிலம் குறைந்தது தெரிந்ததும் கலியபெருமாள் அதைப் பிடுங்கி அவன் முட்டியில் ஓங்கி அடித்தார். எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. நாங்கள் அவரைச் சேற்றில் தள்ளி மிதித்தோம். சித்தப்பா கடப்பாரையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "கையப் புடிச்சுக்கடா" என்றார். பிடித்துக்கொண்டேன். வலது கை, முழங்கைக்குக் கீழே, மூன்று அடி. கலியபெருமாள் கத்தியபோது வாய்க்குள் சேறு போனது. பிறகு போலீஸ், ஆஸ்பத்திரி, பஞ்சாயத்து, சமாதானம் எல்லாம் நடந்தது. வரப்பைத் தள்ளியது நாங்கள்தான் என்று மட்டும் எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

போன மாதம் க்ரெக் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பொதுவான மரவேலி காற்றில் சாய்ந்தது. இங்கே அதை இரண்டு வீட்டாரும் சேர்ந்தே கட்டிக்கொள்வார்கள். எனக்குக் குழி தோண்டத் தெரியும். க்ரெக்குக்குத் தச்சு வேலை தெரியும், கருவிகளும் அவருடையவை. சனிக்கிழமை காலையில் முளையடித்து எல்லை நெடுக நூல் கட்டினோம். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் நடுவில் நூல் ஒரு சாண் நகர்ந்திருந்தது. அவர் மண்டியிட்டுப் புதுக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை. நகர்ந்திருந்ததே எனக்குப் போதுமாக இருந்தது. கடப்பாரையைத் தூக்கிவிட்டேன். அவர் குறுக்கே கையை நீட்டினார். அதே சத்தம்.

ரத்தம் மணலில் சொட்டச் சொட்ட, என்ன நடந்தது என்றே விளங்காத முகத்தோடு க்ரெக் சொன்னார்: "உன் மரத்தோட வேர் இருந்தது, நண்பா. வெட்ட வேண்டாமேன்னு என் பக்கம் தள்ளிக் கட்டினேன்."

என் மனைவி நட்டு வளர்த்த கறிவேப்பிலை மரம் அது. அவள்தான் துப்பட்டாவால் அவர் கையைக் கட்டி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். கடப்பாரை தவறி விழுந்துவிட்டதாக அவர் அங்கே சொன்னாராம்.

அண்ணனுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் இன்னும் காலை இழுத்துத்தான் நடக்கிறான். கேட்டுவிட்டுச் சொன்னான்: "கலியபெருமாள் இன்னமும் எடது கையாலதான் சாப்புடுறாரு. நம்ம வூட்டு ஆளு ஒருத்தரும் அவரு வாசல்ல போயி நிக்கல. நீயாவது அந்த மனுசன் வாசல்ல போயி நில்லுடா."

மறுநாள் போய் நின்றேன். மாவுக்கட்டோடு க்ரெக் கதவைத் திறந்தார். கடப்பாரை தவறவில்லை, நான்தான் அடித்தேன் என்றேன். "தெரியும்" என்றார். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

வேலிக்கு இன்னும் பலகை அடிக்கவில்லை. கம்பங்களுக்கு நடுவே புகுந்து திரும்பியபோது, அவர் எனக்காக விட்டுக்கொடுத்த அந்த ஒரு சாண் மண்ணை மிதிக்காமல் தாண்டி வந்தேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் எங்கள் வயலிலும், கலியபெருமாளிடமிருந்து தின்ற மண்ணை மிதிக்காமல், நான் அப்படித்தான் இறங்குகிறேன்.